மலைக்குப் போன தூக்குவாளி

கம்பத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். டைப் அடிப்பது மட்டும்தான் என் வேலை. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. வருகிற கட்சிக்காரர்களிடம் எதையாவது தோண்டித் துருவிக்கொண்டே இருப்பேன். "கேஸை நீ நடத்துறியா, நான் நடத்தவா?" என்று வக்கீல் சார் அவ்வப்போது கடிந்துகொள்வார்.

ஒருநாள் வலது மணிக்கட்டு மடங்காத ஒரு அக்கா வந்தார். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன்பே, தோட்டங்கள் அமர்த்தும் எங்கள் பக்கத்து ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு கேரள மலைக்குக் கிளம்பிவிடும். அவர் பின்படியில் கால் வைக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்திருக்கிறார். விழுந்ததில் எலும்பு நொறுங்கி, கூடிய பிறகும் கை பழையபடி ஆகவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு செடியின் அடியில் காய் எடுக்க முடியாது. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டோம். அவர் வேலைக்கே வரவில்லை, ரோட்டில் விழுந்தவருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தோட்டத்துத் தரப்பு பதில் கொடுத்தது. படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு கேள்வியும் குடைய ஆரம்பித்தது. வேலை என்பது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? நான் ஆபீஸ் மாடிப்படியில் உருண்டால் வேலையில் உருண்டதாகுமா? பஸ்ஸிலேயே விழுந்தால்?

அடுத்த முறை அந்த அக்கா வந்தபோது, விழுந்த அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டேன்.

"அன்னைக்குச் சாப்பிட்டீகளாக்கா?"

"எங்கிட்டுச் சாப்பிட? சோறு மலைக்குப் போயிருச்சுல்ல தாயி. கூட வேல பாக்குறவுக சாயந்தரம் கொண்டாந்து குடுத்தாக. ஊசிப்போயிருந்துச்சு."

"நீங்க ஏறுறதுக்கு முந்தியே சோறு எப்படி ஏறுச்சு?"

"அங்கன அப்படித்தான். மொதல்ல கங்காணி தூக்குவாளிய வாங்கி மேல கட்டிருவாரு. பெறகுதான் நாங்க ஏறுவோம்."

ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார். சீசனில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு ஜீப்புக்காக நிற்பவரை இன்னொரு கங்காணி நைசாகக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவாராம். வாளியை வாங்கி வைத்துக்கொண்டால் ஆள் அசைய மாட்டார்.

நான் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். வக்கீல் சார் அன்று என்னைத் திட்டவில்லை.

மதுரையில் தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர் முன்னால் விசாரணை. குறிப்பு எடுக்க ஆள் வேண்டாமா என்று சொல்லி நானும் தொற்றிக்கொண்டேன். கங்காணி தோட்டத்தின் சாட்சியாக வந்திருந்தார். பாவம், பிழைப்பு அவரை அங்கே நிறுத்தியிருந்தது. அந்த அக்காவின் கையைப் பார்க்காமலேயே, "தோட்டத்துல வந்து பேரு குடுத்தாத்தான்யா வேலக் கணக்கு" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வக்கீல் சார் சாவகாசமாகக் கேட்டார்: "வாளிய வாங்கிக் கட்டிட்டீங்க. அதுக்குப் பெறகு இந்தம்மா அடுத்த ஜீப்புல ஏறப் போனா விடுவீங்களா?"

கங்காணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அதெப்படிய்யா போவா? வாளி ஏறிட்டா அன்னைக்கு அவ எங்க ஆளாச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தோட்டத்து வக்கீல் கையிலிருந்த காகிதத்தை அவசரமாகப் புரட்டினார். நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

சில மாதம் கழித்து, நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விழுந்த நேரத்தில் அவர் வேலையில்தான் இருந்தார் என்ற இடத்தை அந்த அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப வாளி ஏறுனதுமே நான் வேலைக்கு வந்துட்டேனா தாயி?"

"ஆமாக்கா. அதத்தான் எழுதியிருக்காக."

"இத்தன வருசமும் அப்படித்தானா?"

"அப்படித்தான்."

மடங்காத கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"தோட்டத்துல எறங்குன பெறகுதான தாயி எங்களுக்கு மணி பாத்துக் கூலி போட்டாக?"