கூடைக்குள் ஒரு கேள்வி

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பிறகு மூன்று வருடம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் வத்தலக்குண்டுக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவில் இருந்தது. மேலே படிக்க நிலக்கோட்டைக்குப் போக வேண்டும். பெண்பிள்ளையை அனுப்பக் கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

பூ எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை அல்ல. விடிந்ததும் செடிகளுக்குள் இறங்கினால் வெயில் ஏறுமுன் மடி நிறைந்துவிடும். மொட்டுகளை மூங்கில் கூடையில் கொட்டி, ஈரச் சாக்கால் மூடித் தைத்து, அய்யா பஸ்ஸின் மேல் ஏற்றுவார். கொடைரோடு வரைக்கும் பஸ், அதற்கப்புறம் ரயில். இரண்டு மூன்று நாளில் வெறும் கூடை திரும்பி வரும். எங்கள் கூடை என்று தெரிய அதில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும்.

நடுவில் பூ எங்கே போனது என்பதுதான் என்னைக் குடைந்தது.

"ரயில்ல எங்கய்யா போகுது?"

"வடக்க."

"வடக்கன்னா எந்த ஊரு?"

"ஏத்தா, பூவ எடு. பேச்சுல மொட்டு விரிஞ்சிரப் போகுது."

அவருக்கும் தெரியாது என்று புரிந்தது. கொடைரோட்டுத் தரகர் வாங்கி அனுப்பினார், அய்யா கேட்டதில்லை. ஒருநாள் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, "இந்தப் பூ எந்த ஊருக்கு வருகிறது? யார் வாங்குகிறார்கள்? தயவுசெய்து கூடையில் பதில் போடவும்" என்று எழுதி மொட்டுகளுக்கு நடுவில் செருகினேன்.

பதில் இல்லை. மறுபடி செருகினேன். மூன்றாம் முறை, என் தாளே கூடையின் அடியில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. சாக்கின் ஈரத்தில் மை கரைந்து, தாள் முழுக்க ஒரே நீலம். அடுத்த தடவை பென்சிலால் எழுதினேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. ஏதோ நோட்டீஸின் பின்பக்கத்தில், கோணல்மாணலான எழுத்தில்: "ஊர் திருச்சி. மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் கடை. சாக்கை இவ்வளவு நனைக்காதே, பூ கறுக்கிறது. உள்ளே வாழை இலை போடு. நீ யார்?"

தோட்டத்தில் நின்றபடியே அதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் என்னை யார் என்று கேட்டிருந்தார்.

மறுநாள் கூடைக்குள் வாழை இலை பரப்பியதைப் பார்த்து அய்யா காரணம் கேட்டார். மறைக்கத் தெரியாமல் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அம்மாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"எழுதுனது ஆம்பளையா பொம்பளையா? அத மொதல்ல கேளு."

கேட்டு எழுதினேன். "பொம்பளைதான். மீசை கிடையாது" என்று பதில் வந்தது. அய்யா அன்று சாப்பிடும்போது இரண்டு முறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். கூடையில் காகிதம் போவதை அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

அந்தக் கடைக்கார அக்கா என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார். செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? மொட்டு காலையில் வெள்ளையாக இருக்குமா, பச்சையாகவா? இருபது வருடமாகப் பூக் கட்டுகிறவர், மல்லிகைத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லையாம். "நேரில் வந்து பாருங்கள்" என்று எழுதினேன். ஒரு பேச்சுக்குத்தான் எழுதினேன். பங்குனியில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து குள்ளமாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கி, சிவப்புத் துணிக் கூடைக்காரர் வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"இவ்வளவு குட்டையா? பந்தல்ல ஏறிப் படர்ந்திருக்கும்னு நெனச்சேன்."

புடவையைச் செருகிக்கொண்டு செடிக்குள் இறங்கினார். இலையும் கிளையுமாகப் பிய்த்தார். அம்மா அவர் விரலைப் பிடித்துக் காம்போடு கிள்ளக் காட்டினாள். ஒரு மணி நேரத்தில் அம்மா ஒரு மடி எடுத்தாள், அக்கா இரண்டு கை எடுத்தார். அதை யாரிடமும் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வாங்க, சாப்டுங்க. தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் பெருசா இல்ல" என்றாள் அம்மா. கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு அக்கா மூன்று தடவை சோறு வாங்கினார். கிளம்பும்போது, "இப்ப நீங்க வரணும். வராட்டி நான் பூ வாங்க மாட்டேன்" என்று அய்யாவை மிரட்டினார்.

ஆடியில் அம்மாவும் நானும் போனோம். எனக்கு அதுதான் முதல் ரயில். திருச்சியில் அக்கா எங்களை முதலில் காவிரிப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. அம்மா பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டுத் தண்ணியும் எங்க போகுது?" என்றாள். அம்மா இப்படி ஒன்றைக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களைப் பார்த்தேன். தோளில் கைப்பை மாட்டிய ஒரு பெண் வந்து ஒரு முழம் கேட்டார். தினமும் அந்த நேரத்துக்கு வருவாராம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை என்று அக்கா சொன்னார். நான் சும்மா இருப்பேனா?

"அங்க என்ன செய்வீக?"

"ஒரு ஊர்க்காரங்கள இன்னொரு ஊர்க்காரங்களோட பேச வைப்போம்."

"அதுக்கு என்ன படிக்கணும்?"

"எஸ்.எஸ்.எல்.சி. நீ எது வரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டு."

"அப்ப இன்னும் மூணு வருஷம்தானே."

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் அய்யாவிடம் கேட்டேன். மூன்றாம் நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பூவு போற பஸ்ஸு நிலக்கோட்டை வழியாத்தான போகுது. கூடைய மேல ஏத்துறப்ப ஒன்ன உள்ள ஏத்திவிடுறேன்."

பள்ளிக்கூடம் ஏற்கெனவே திறந்துவிட்டதால் அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆனியில் நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், சேரப் போனபோது, தலைமையாசிரியர் என் உயரத்தைப் பார்த்து, "டீச்சர் வேலைக்கா?" என்றார். வகுப்பில் எல்லோருக்கும் என்னைவிட நான்கைந்து வயது குறைவு. ஒரு வாரத்தில் மொத்த வகுப்பும் என்னை அக்கா என்று கூப்பிட்டது. எனக்குப் புரியாததைப் புரியும் வரை கேட்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் வெட்கப்படும் வயதை நான் தாண்டியிருந்தது பெரிய வசதியாக இருந்தது. இங்கிலீஷில் ஒருமுறை தோற்று, மறுமுறை பாஸானேன்.

திண்டுக்கல் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. முதல் நாள் நத்தத்துப் புளி வியாபாரி ஒருவரை, அவர் கேட்ட மண்டிக்குப் பதிலாக ஒரு டாக்டர் வீட்டோடு சேர்த்துவிட்டேன். இரண்டு பேரும் உடல்நலம் விசாரித்துக்கொண்டு மரியாதையாகவே பேசினார்கள். என் பக்கத்து நாற்காலிப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

முதல் மாதம் முடிவதற்குள் நிலக்கோட்டைத் தபாலாபீஸிலிருந்து எனக்கே ஒரு டிரங்க் கால் வந்தது. அய்யா, "நான்தான், நான்தான்" என்று கத்திவிட்டு, ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா, "சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். என் குரல் நிஜமாகவே அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்க்க, இன்னும் இரண்டு தடவை கேட்டாள். மூன்று தடவையும் பதில் சொன்னேன்.