மூன்று நிமிடம் பத்து விநாடி சோலோ

ஆகஸ்ட் 10, ஞாயிறு. எழுந்தது 5.10. வெந்நீர் இரண்டு டம்ளர். வலது முழங்காலுக்குத் தைலம், ஐந்து நிமிடம். டைரியில் முந்தைய நாள் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன் — தண்ணீர் லாரி வரவில்லை. எட்டரைக்கு இட்லி, நான்கு. ஒன்பதே முக்காலுக்கு, சேரப்பணஞ்சேரி பக்கம் இருக்கும் எங்கள் சர்ச்சில் இருந்தேன். ஆராதனை பத்து மணிக்கு.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பழக்கம் தெரியும். வேலை, ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். எதையும் அளந்து பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. சர்ச்சுக்கு நான்தான் செக்ரட்டரி. ஆராதனையில் வரிசை வரிசையாகக் காணிக்கைப் பை நீட்டி வசூலிக்கிற நான்கு பேரில் முதல் ஆளும் நான்தான் — இருபத்திரண்டு வருடமாக.

அன்று என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

எங்கள் சபையில் பாதிப் பேர் ஷிப்ட்காரர்கள். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் லைன் ஓடும். இரண்டாம் ஷிப்டுக்கான கம்பெனி பஸ், மெயின் ரோட்டுக்கு 12.50-க்கு வரும். சர்ச்சிலிருந்து நடை பத்து நிமிடம். ஆராதனை பன்னிரண்டரைக்கு முடிந்தால், போகிற வழியில் ஒரு பொட்டலம் லெமன் சாதம்கூட வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சில மாதங்களாக 12.40, 12.42 என்று இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு ஜெபாவுக்கு பஸ் போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபத்து நான்கு வயது. படப்பையில் ஹாஸ்டலில் தங்கி, செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை. கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் எழுந்து போவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓடினாள். பஸ்ஸின் முதுகு தெரிந்ததாம். ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஏழு நிமிடம் தாமதம். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 17, ஞாயிறு, மறுபடி அவளுக்கு இரண்டாம் ஷிப்ட்.

போதகர் என்னிடம், எங்கே நேரம் போகிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தாளில் கட்டம் போட்டு எழுதினேன். பிரசங்கம் நாற்பத்திரண்டு நிமிடம். அதை யார் தொடுவது? அறிவிப்புகள் நான்கு நிமிடம் — வாசிப்பவன் நான், ஒரு சொல் கூடுதல் கிடையாது. மிச்சமிருந்தது கிட்டார் சோலோ.

காணிக்கைப் பாட்டு முடிந்ததும் ஸ்டீபன் தனியாக வாசிப்பான். என்னைவிட மூன்று வயது இளையவன். ஐம்பத்தொன்று. ஒரு டயர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். என் பழைய டைரியில் இருக்கிறது: பதினோரு வருடத்துக்கு முன் அந்த சோலோ ஐம்பத்தைந்து விநாடி. இப்போது மூன்று நிமிடம் பத்து விநாடி. அன்றும் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். அதே மூன்று பத்து.

அந்தச் சோலோவின் பிரச்னை நீளம் மட்டுமல்ல. முடியப்போகிறது என்று தோன்றும். மேலே ஏறி, சின்னக் கம்பியில் ஒரு நடுக்கம் கொடுத்து, அழகாக இறங்கிவந்து, பாட்டின் கடைசி வரியைத் தொடுவான். அப்பாடா என்றிருக்கும். உடனே தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பான்... மறுபடி மேலே ஏறிவிடுவான். இப்படி நான்கு தடவை. கைதட்டல் தேடுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் சண்டே ஸ்கூல் அறையில் கூடினோம். போதகர், நான், ஸ்டீபன். ஷிப்ட்காரர்கள் சார்பில் ஜெபா — அன்று அவளுக்கு வீக் ஆஃப். பேப்பர் கப்பில் டீ. தாளை மேஜையில் விரித்தேன். ஸ்டீபன் அதைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

"இன்னாண்ணே, பாட்டுக்கெல்லாம் ரிப்போர்ட்டு போட்டு கீற?"

"நேரத்துக்குப் போட்டேன். பாட்டுக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். மேல சொல்லு."

"நல்ல சோலோன்னா அதுல ஒரு ஸ்வரத்தைக்கூட எடுக்க முடியக் கூடாது, ஸ்டீபன். உன்னோடதுல ரெண்டு நிமிஷத்தை எடுத்தாலும் ஒண்ணும் குறையாது."

"அப்ப உன் அறிவிப்புலயும் எடுக்கலாம். போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் படிக்கிற. 'வாகனங்களை வேப்பமரத்தடியில் நிறுத்தவும்.' மரத்த வெட்டி ஒரு வருசம் ஆச்சு."

போதகர் டீயைக் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு சமாதானமாகச் சொன்னார்: "எனக்கு சங்கீதம் தெரியாது. கண்ணை மூடிக் கேக்கும்போது, வாசிக்கிறது ஸ்டீபன்கிறதே மறந்துபோகணும். அதுதான் நல்லது. செக்ரட்டரி சொல்ற நீளத்துல, நடுவுல கண்ணைத் திறந்துடறேன். அதுவும் உண்மை."

"ஐயா பிரசங்கத்துல நான்கூட ரெண்டு வாட்டி தொறக்கிறேன்" என்றான் ஸ்டீபன்.

நான் ஜெபாவைப் பார்த்தேன். அவள் நம் பக்கம்தானே பேச வேண்டும்? பஸ் போனது அவளுக்கு.

"அண்ணாச்சி, எனக்கு நேரமெல்லாம் சொல்லத் தெரியல. லைன்ல நிக்கும்போது மிசின் சத்தத்துல ஒரு பாட்டும் வாயில வராது. இவிய வாசிக்கதுல கடைசித் துண்டு மட்டும் வரும். அதை வெச்சே ஒரு வாரம் ஓட்டிருதேன். அது நல்லதா கெட்டதான்னு தெரியல... ஆனா பஸ்ஸும் வேணும்லா."

இந்த வயதில் இப்படிப்பட்ட கூட்டங்கள் எனக்கு அலுப்பாக இருக்கின்றன. ஒருவன் சரியான எண்ணோடு வருகிறான். மற்றவர்கள் மனசோடு வருகிறார்கள். பேச்சு எங்கே சேரும்? சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அதனால் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன்.

"முன்னாடி ஐம்பத்தஞ்சு விநாடியில முடிச்சவன்தானே? வயசாக ஆக எங்க நிறுத்தறதுன்னு தெரியாமப் போச்சு உனக்கு. அடுத்த ஞாயிறு ஐம்பத்தஞ்சுல முடி. இல்லன்னா சோலோவே வேணாம்."

ஸ்டீபன் கப்பை மேஜையில் வைத்தான்.

"முடிக்கிறேன். அப்பால மீதி ரெண்டேகால் நிமிசம் இன்னா பண்ணட்டும்? சும்மா நிக்கட்டுமா?"

"ஏன் நிக்கணும்?"

"நீ வந்துகினு இருப்பியே அண்ணே."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவன் போதகரைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"பை பீடத்துக்கு வர்ற வரைக்கும் வாசிக்கணும். அதான முறை? மத்த மூணு பேரும் வசூல் முடிச்சிட்டு, வாசலாண்ட உனக்காக நிக்கறாங்க. நீ வந்து சேந்து, அங்கேர்ந்து நடந்து, மூணு படி ஏறணும். ஒவ்வொரு தபாவும் முடிக்கலாம்னு நிமிர்ந்து பாக்கறேன். நீ பாதி வழிலதான் கீற. நிறுத்திட்டேன்னா சர்ச்சு பூரா சத்தமே இருக்காது. நீ காலை இழுத்துகினு வர்ற சத்தம்தான் கேக்கும். அதான் வாசிக்கிறேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறவன் குரல் அது.

நான் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மேற்கொண்டு என்ன பேசினோம் என்று என் டைரியில் இல்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு நடைமுறை உண்டு. அளவுக் கருவிகளையே வருடத்துக்கு ஒரு தடவை வெளியே அனுப்பி அளந்து பார்ப்போம். கருவி தேய்ந்திருந்தால், அதை வைத்து ரிஜெக்ட் செய்த நல்ல பொருளெல்லாம் வீண்தானே? இருபத்திரண்டு வருடமாக ஸ்டாப்வாட்சை நான் மற்றவர்கள் பக்கமே திருப்பி வைத்திருக்கிறேன். முழங்காலுக்குத் தினமும் ஐந்து நிமிடம் தைலம் தேய்க்கிறேன், அதையும் குறித்துவைக்கிறேன். அந்தக் குறிப்பையும் இந்தக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியுமா?"

"உனக்கு?"

"சர்ச்சுக்கே தெரியும். ஸ்டீபன் ரெண்டாவது வாட்டி மேல ஏறும்போது, நீங்க எங்க வர்றீங்கன்னு நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். மூணாவது தூண்கிட்ட."

காணிக்கைப் பை எப்போதும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். மெரூன் வெல்வெட், மரக் கைப்பிடி. நானே துவைப்பேன், நானே நிழலில் உலர்த்துவேன். அன்று மாலை அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்டீபனுக்கு போன் செய்ய வேண்டும் என்று இரண்டு முறை எண்ணை எடுத்தேன். என்ன சொல்வது? நன்றி என்றா, மன்னித்துக்கொள் என்றா? நல்ல சோலோவுக்கு நான் சொன்ன இலக்கணம் தப்பில்லைதான். அவன் வாசித்ததில் எடுக்கக்கூடியது ஒன்றுமே இல்லை. எல்லாமே தேவைப்பட்டது. தேவைப்பட்டது எனக்கு என்பதுதான் கணக்கில் வராமல் போனது.

பதினோரு வருடம். வாராவாரம் நிமிர்ந்து பார்த்து, மறுபடி ஏறி. ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. அலுத்துக்கொண்டவன் நான்.

ஆகஸ்ட் 11, திங்கள். எழுந்தது 4.15. வெந்நீர் இல்லை, தைலம் இல்லை. பையைச் செய்தித்தாளில் சுற்றி, ஸ்கூட்டரில் மெயின் ரோட்டுக்குப் போனேன். முதல் ஷிப்ட் பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜெபா என்னைப் பார்த்துப் பயந்துபோய் ஓடி வந்தாள். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, அடுத்த ஞாயிறு முதல் என் இடத்தில் அவள்தான் என்றேன்.

"நானா அண்ணாச்சி? நான் அரை நிமிசத்துல பீடத்துக்குப் போயிருவேனே."

"போகாதே" என்றேன். "ஐம்பத்தஞ்சு விநாடி எடுத்துக்கோ. அவன் வாசிக்கணும்."