எஸ்தர் அக்கா வீட்டு ஆன்டெனா

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஸ்டாஃப் ரூமில் யாராவது பேய்க்கதையை எடுத்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில், கூட யார் இருந்தது என்று கேட்டே அவர்கள் வாயை அடைத்துவிடுவேன். என் தலையைப் பார்த்தாலே பேச்சை மாற்றுவார்கள். இப்போது நானே ஒன்று சொல்ல வந்திருக்கிறேன், சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். அதே கேள்விகளை என்னிடமும் கேட்கலாம். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காலனி. மொத்தக் காலனிக்கும் ஒரே டி.வி., அது பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் தேவசகாயம் சார் ஆபீஸ் உத்தியோகஸ்தர். ஒரே மகள் ஸ்டெல்லா, காலேஜ் இரண்டாம் வருஷம். சாயங்காலமானால் நாங்கள் எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு அவர்கள் ஹாலில் தரையில் உட்கார்ந்துவிடுவோம். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கினால் படம் ஆடும், காற்றடித்தால் படமே போய்விடும். உடனே ஸ்டெல்லா தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். அவள் மேலே ஆன்டெனா குழாயைத் திருப்ப, அது கிறீச்சென்று கத்த, எஸ்தர் அக்கா ஜன்னலோரம் நின்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். படம் தெளிந்ததும் "போதும், எறங்கி வா" என்பார், ஒரே மூச்சில். அவள் வெளிப்படியில் தடதடவென்று இறங்கி வருவாள்.

அந்தப் பெண் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பதினோரு நாள்தான் படுத்திருந்தாள்.

அதன் பிறகு எஸ்தர் அக்கா பேச்சையே விட்டுவிட்டார். ஊட்டினால்தான் சாப்பாடு. சார் மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்பிக் கேட்டைப் பூட்டிவிட்டு, டி.வி.யின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டார். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் டி.வி.க்கென்றே எடுத்த ஒரு படம் போடுகிறார்களாம், நல்ல குடும்பக் கதை என்று ஆபீஸில் யாரோ சொன்னார்களாம், எல்லோரும் பழையபடி வந்து உட்கார்ந்தால் இவள் கொஞ்சம் தேறுவாளோ என்றார். வீடு வீடாகப் போய் எல்லோரையும் அழைத்தவள் நான்தான்.

குடும்பக் கதைதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம். அந்த அம்மா தினமும் செத்துப்போன பையனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள், ஒருநாள் அந்தத் தட்டில் பாதிச் சோறு குறைந்திருக்கிறது. பத்தாவது நிமிஷமே எங்களுக்கு விளங்கிவிட்டது, இது ஆவிக் கதை. ஹாலில் இருபது பேர் இருந்தோம், ஒருவரும் எழுந்து அணைக்கவில்லை. அடுத்தவர் வீட்டு டி.வி.யில் எப்படிக் கை வைப்பது என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம், தான் அழைத்து வந்திருப்பவர்கள் பார்க்கும்போது எப்படி அணைப்பது என்று சார் உட்கார்ந்திருந்தார். நம் மரியாதை இருக்கிறதே, அது சில நேரம் கொலைகூடச் செய்யும். எஸ்தர் அக்கா கண்ணை இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த அம்மா எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்போது படம் போய்விட்டது. வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

எஸ்தர் அக்கா எழுந்தார். நேராக ஜன்னலுக்குப் போய், பழக்கத்தில், ஐந்து மாதமாகத் திறக்காத வாயைத் திறந்து, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

மேலே கிறீச்சென்றது.

நம்பினால் நம்புங்கள், திரையில் ஒரு நிழல் அசைந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றார் மறுபடி. மறுபடியும் கிறீச். படம் துடைத்துவிட்டது போலத் தெளிந்தது. "போதும்" என்றார். சத்தம் அந்தக் கணமே நின்றது. அப்புறம்தான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தலைகளை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கம்பிக் கேட்டில் பூட்டு தொங்கியது, பூட்டைச் சுற்றி ஒட்டடை.

மறுநாள் காலை சாரும் நானும் பூட்டைத் திறந்து மேலே போனோம். ஆன்டெனா குழாய் கிளாம்ப்போடு சேர்த்துத் துருவேறி இறுகிப்போயிருந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் திருகியும் ஒரு நூல் நகரவில்லை. இறங்கி வந்து, காற்றுதான் திருப்பியிருக்கிறது என்று எஸ்தர் அக்காவிடம் கூசாமல் சொன்னேன்.

"காத்துன்னா, போதும்னதும் நின்னுடுமா டீச்சர்?" என்றார்.

அதற்கப்புறம் அவர் சாப்பிட்டார், பேசினார், தலைவாரிக்கொண்டார். சார் முகத்தில்கூட உயிர் வந்தது. ஆனால் தினமும் ஆறு மணிக்கு டி.வி.யைப் போட்டு, ஜன்னலோரம் நின்றுகொள்வார். என் சமையல்கட்டுக்கே அந்தக் கிறீச் கேட்கும். இரண்டு மூன்று நாள் நானே போய்ப் பார்த்தேன். படம் தெளிந்து வரும், முகம் தெரியும், அப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்பார். படம் தாண்டிப்போய் மறுபடி புள்ளியாகும். ஏன் அக்கா, நன்றாகத்தானே வந்தது, போதும் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"போதும்னா போயிடுவா" என்றார்.

எட்டு மாதம் இப்படியே. பிறகு சாருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றலாயிற்று. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், சார் லாரிக்குச் சொல்லப் போயிருந்த நேரம், எஸ்தர் அக்கா என்னை அழைத்தார். ஹாலில் சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது, டி.வி. மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மேலே சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"அவள இப்படி மாடியில நிக்க வெச்சிட்டு எப்படிப் போறது டீச்சர்? எனக்கு வாய் வரல. நான் எப்பவும் சொல்வேனே, அதை அப்படியே நீங்க சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெபம் செய்யும் முணுமுணுப்பு கேட்டது.

நான் ஜன்னலுக்குப் போனேன். படம் தெளிகிற வரைக்கும் காத்திருந்து, "போதும்மா, ஸ்டெல்லா" என்றேன். சத்தம் நின்றது. தளத்தின் மேல் காலடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நேராக மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்து நின்றது.

"எறங்கி வா" என்ற மீதி இரண்டு வார்த்தையும் என் நாக்கில் இருந்தது. சொன்னால் இறங்கி வந்துவிடுவாள் என்ற பயம். அவள் ஒன்பதாம் வகுப்பு படித்ததிலிருந்து எனக்குத் தெரிந்த பெண், என்னிடம் அல்ஜீப்ரா படித்தவள், அவளைப் பார்க்கப் பயந்து நான் ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

எஸ்தர் அக்கா வெளியே வந்து, "சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்க்கா."

"எறங்கிட்டாளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வீட்டை இடித்து இப்போது நான்கு மாடி ஃபிளாட் எழுப்பிவிட்டார்கள். எஸ்தர் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தெருவில் நடக்கும்போது நான் தலையை நிமிர்த்துவதில்லை.