காலிக் குழாய்க்கு ஓர் இடம்

பால் பாத்திரத்தை முகர்ந்து பார்க்கிறாள். கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம்தான், கழுவியதும் இவளேதான். ஆனாலும் மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்த பிறகே பாலை ஊற்றுவாள். "பால் திரிஞ்சா பாலைத் திட்டுறோம். பாத்திரத்தை யாராவது கேக்குறோமா?" என்பாள். கணவர் இதற்கெல்லாம் பழகிப்போன மனிதர். காபியைக் கையில் வாங்கும்போது, "பாத்திரம் பாஸாயிடுச்சா?" என்று மட்டும் கேட்பார்.

ஆய்வுக்கூடத்தில் இவளுக்குப் பெயர் சந்தேகம். முகத்துக்கு முன்னால் "மேடம்", முதுகைத் திருப்பினால் "சந்தேகம் வந்தாச்சு". அது காதில் விழாமல் இல்லை. "சம்பளமே அதுக்குத்தானே குடுக்குறாங்க" என்று சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளை அங்கி, குமிழி விடும் குடுவை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதெல்லாம் பக்கத்து அறையில். இவளிடம் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், ஏசிக்குப் பயந்து போட்டுக்கொள்ளும் முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், முதுகுக்கு ஒரு தலையணை, அவ்வளவுதான். நோயாளியின் இரத்தத்திலுள்ள மரபணு எழுத்துகளை இயந்திரம் துண்டு துண்டாகப் படித்து இவளுக்கு அனுப்பும். கோடிக்கணக்கில் வந்து விழும். மனித உடம்புக்குச் சொந்தமான துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒதுக்கியதும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் எந்தக் கிருமியுடையது, அது ஏன் அங்கே வந்தது என்று பார்ப்பதுதான் இவள் பிழைப்பு. நாமெல்லாம் அரிசியில் கல் பொறுக்கிக் கல்லை எறிவோம். இவள் அரிசியைத் தள்ளிவிட்டுக் கல்லை எடுத்து வைத்துக்கொள்வாள்.

அதனால்தான் அந்தக் காலிக் குழாய். நோயாளிகளின் இரத்தக் குழாய்களை ஒரு தட்டில் அடுக்கி இயந்திரத்துக்கு அனுப்பும்போது, வெறும் சுத்தத் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றும் கூடவே போக வேண்டும். அதற்கும் அதே ரசாயனம், அதே குலுக்கல், அதே இயந்திரம். ரசாயனத்திலேயே ஏதாவது கிருமியின் துணுக்கு ஒட்டியிருந்தால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். முடிவு வந்தால் மற்றவர்கள் நோயாளியைப் பார்க்க ஓடுவார்கள். இவள் முதலில் தண்ணீரைத் திறப்பாள். குழாய் நிரப்பும் டெக்னீஷியன் இவளைவிட வயதில் மூத்தவர், வாய்த்துடுக்கு அதிகம். "மேடம், உங்க தண்ணிக்கு இன்னிக்குக் காய்ச்சல் இல்லை, நிம்மதியா சாப்பிடுங்க" என்று போனில் சொல்வார்.

இப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை காலிக் குழாயை விட்டுவிட்டாள். அக்காவுக்காக.

அக்கா பார்லர் வைத்திருந்தவள். பேசிக்கொண்டே முடி வெட்டுவாள், பேச்சு ஒரு பக்கம் போகும், கத்தரிக்கோல் ஒரு பக்கம் போகும், இரண்டும் பிசகாது. அந்த விரல்கள் ஒவ்வொரு கணுவாக வீங்கிப்போயின. எந்த டாக்டராலும் காரணம் சொல்ல முடியவில்லை. பார்லரை மூடியாயிற்று. இப்போது ஒரு பாட்டில் மூடியைக்கூட அவளால் திருக முடியாது. தங்கைக்காரி அந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதல் வேலையாகச் சமையலறையில் எல்லா மூடிகளையும் அரைத் திருகு தளர்த்தி வைப்பாள். "என் வீட்டு டப்பா எல்லாம் ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது" என்று அக்கா திட்டுவாள். திட்டினாலும் மறுபடி இறுக்கச் சொன்னதில்லை.

ஆய்வுக்கூடத்தின் தலைமை டாக்டர் இதே நோயை ஆராய ஆரம்பித்தார். நோயாளிகளின் இரத்தம் சேர்ந்தது. அக்காவின் குழாய் கடைசியாக வந்து சேர்ந்தபோது டெக்னீஷியன் தட்டைக் காட்டினார். "மேடம், ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அக்காவா, தண்ணியா?"

"அக்காவை வைங்க. தண்ணி எப்பவும் சுத்தமாத்தானே வருது" என்றாள். சந்தேகம் சொன்ன வார்த்தை இது. டெக்னீஷியனே ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

முடிவு வந்தது. எல்லா நோயாளிகளின் மிச்சத்திலும் ஒரே பாக்டீரியா. முன்பே சோதித்து வைத்திருந்த ஆரோக்கியமானவர்களிடம் அது துளியும் இல்லை. டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். சந்தேகம் ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அதுக்கு மாத்திரை இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்குக்கா. சாதாரண மாத்திரை. டாக்டருங்க முறைப்படி சோதிச்சு முடிச்சதும் உனக்குத்தான் முதல்ல."

மறுநாளே அக்கா பழைய கத்தரிக்கோலைத் தேடியெடுத்துச் சாணை பிடிக்கக் கொடுத்தாள்.

அந்த வாரமெல்லாம் சந்தேகம் பாத்திரத்தைக்கூட மோந்து பார்க்கவில்லை என்று கணவர் சொல்கிறார். அவ்வளவு சந்தோஷம். ஆனால் திரையில் ஏதோ ஒன்று முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அக்கா இந்த நோயோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். போன மாதம்தான் விரல் வீங்கிய நோயாளியும் அதே தட்டில் இருக்கிறார். இருவரிடமும் கிருமி ஏறக்குறைய ஒரே அளவு. அது எப்படி? ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தைச் சோதித்தது பழைய ரசாயனப் பெட்டியில் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நோயாளிகளுக்கு உடைத்தது புதுப் பெட்டி. 

"அந்தப் புதுப் பெட்டியில மிச்சம் இருக்கா? வெறும் தண்ணியை மட்டும் ஓட்டிப் பாருங்க" என்றாள் டெக்னீஷியனிடம்.

தண்ணீருக்குக் காய்ச்சல். அதே பாக்டீரியா, அதே அளவு. பெட்டியின் ரசாயனத்தோடு வந்த துணுக்கு அது. யாருடைய இரத்தத்திலும் கிருமி இல்லை.  டாக்டர் கட்டுரையை நிறுத்தினார். "உங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

போனாள். அன்றைக்குச் சமையலறைப் பக்கமே திரும்பவில்லை.

"என்னடி, டப்பாவைத் தொடாம உக்காந்துட்டே?"

"அக்கா, அந்தக் கிருமி உன் ரத்தத்துல இல்லை. நாங்க சோதனைக்கு ஊத்தின ரசாயனத்துலயே இருந்திருக்கு."

"அப்ப மாத்திரை?"

"இல்லைக்கா. வெறும் தண்ணியை வெச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். தண்ணியோட இடத்துலதான் உன்னை வெச்சேன்."

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. கோபம்தான் வந்தது. "பால் பாத்திரத்தைக்கூட நம்ப மாட்டே. எனக்குன்னு வந்தா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நம்பிட்டியா? நம்பினது போதாதுன்னு என்னையும் நம்ப வெச்சுட்டே." அதன் பிறகு தங்கை போன் செய்தால் அக்கா எடுக்கவில்லை. 

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. புதிய பெட்டிகள், புதிய இரத்தம், நோயாளியும் ஆரோக்கியமானவரும் ஒரே தட்டில் கலந்து. இம்முறை காலிக் குழாயும் இரத்தம் எடுக்கும் அறையிலிருந்தே கிளம்ப வேண்டும், நோயாளியின் இரத்தம் வரும் வழியெல்லாம் அதுவும் வர வேண்டும் என்று சந்தேகம் ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவுக்கும் தகவல் அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் இரத்தம் எடுக்கும் நாளன்று காலை அறைக்குள் எட்டிப் பார்த்தால், அக்கா நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நர்ஸ் இரத்தம் எடுத்து முடித்தாள். பிறகு இன்னொரு குழாயைத் திறந்து தண்ணீரை ஊற்றினாள்.

"இதுதானா அது?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"மூடியை இங்க குடு. இந்தத் தடவை நானே மூடுறேன்."

"வெறுங்கையால தொடக் கூடாதுக்கா" என்றாள் சந்தேகம். பெரிய அளவு கையுறையாகத் தேடி எடுத்து, வீங்கிய விரல்களில் ஒவ்வொன்றாக, வலிக்காமல் நுழைத்துவிட்டாள். அக்கா மூடியை வாங்கிக் குழாயின் மேல் வைத்துத் திருகினாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள், பாதியில் நின்றுவிட்டது. உதவப் போன நர்ஸைச் சந்தேகம் கண்ணாலேயே தடுத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.