ஜெனரேட்டர் முதுகில் சூடான சோறு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் லேத் பட்டறைக்கு ஒரு காலத்தில் டீசல் ஜெனரேட்டர்தான் உயிர். மதியமானால் கரண்ட் நிச்சயம் போகும். போனதும் என் கூட்டாளி போய் கைப்பிடியைச் சுழற்றுவான். அது ஓட ஆரம்பித்ததும் எங்கள் இரண்டு கேரியர்களையும் அதன் முதுகில் ஏற்றிவிடுவோம். பூந்தமல்லியிலிருந்து அவன் மனைவி கொடுத்தனுப்பும் கறிக்குழம்பு கொதிக்கும். என் வீட்டுச் சாம்பார் லேசான டீசல் வாசத்தோடு சூடாகும். ஐயோ, அந்த ருசி! இன்று எந்த ஓட்டலிலும் கிடைக்காது, சத்தியமாக.

புகையை எல்லாம் அன்றைக்கு யார் பார்த்தார்கள்? பக்கத்திலேயே நின்றவன் அவன். வருடக்கணக்காகக் குடித்த புகை நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் இழுப்பு. இனி புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சோலார் வந்தது. அரசாங்கம் மானியம் தந்தது, தனியார் கம்பெனி ஒன்று முதல் போட்டது, கூரை எங்களுடையது. வந்த இன்ஜினியர் கார்பன், உமிழ்வு என்று என்னென்னவோ பேசினார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இவன் இனி புகை குடிக்க வேண்டாம்.

"ஜெனரேட்டரை வித்துரு மாமே," என்றான் அவன். எனக்குத்தான் மனசு வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன்.

சோலார் மாட்டிய மறுநாள் மதியமே, மண்டையைப் பிளக்கும் வெயிலில் கரண்ட் போனது. மெஷின்களும் நின்றன. லைனில் கரண்ட் இல்லையென்றால் பேட்டரி இல்லாத சோலாரும் தானாக நின்றுவிடுமாம். சூரியனையே வாங்கிவிட்டதாக நினைத்த இரண்டு மடையர்களும் கூரையை அண்ணாந்து பார்த்தோம். சாயங்காலத்துக்குள் ஒரு லோடு போயாக வேண்டும். கம்பெனிக்குப் போன் பேச நான் வெளியே போனேன். பின்பக்கம் அந்தப் பழைய சத்தம் கேட்டது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், கரும்புகைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறான். என் கேரியரை ஜெனரேட்டர் மேல் வைத்திருந்தான்.

ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

"லோடு இன்னா ஆவுறது மாமே?" என்றான், மூச்சு இரைக்க.

"லோடு கெடக்குது போ! மொதல்ல நீ மூச்சு உடு!"

அந்த வாரமே காயலான் கடைக்காரர் வந்து ஜெனரேட்டரை ஏற்றிப் போனார். இப்போது லைன் போனால் சும்மா உட்கார்ந்திருப்போம். சாப்பாடு ஆறித்தான் போகிறது. "சூடே இல்லடா," என்று நான் முனகினால், "கம்முனு துன்னு மாமே," என்பான். ஒரு தரம்கூட இருமாமல் கேரியரைக் காலி செய்கிறான்.