ஏர் ஷாக்கும் என் மைத்துனன் விரல்களும்

“ஞாயிறு, காலை 6.40. இரவு நின்றதில் வண்டியின் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது.” சைனிக்புரி வீட்டில் நிற்கும் என் பழைய காரைப் பற்றி மூன்று வாரமாக இப்படித்தான் குறித்து வந்தேன். காற்றடைத்த பின்பக்க ஷாக் அப்சார்பரில் எங்கோ கசிவு.

அன்று என் மனைவியின் தம்பி சேகர், டயருக்கு மேலே கைவிட்டுக் காற்றுக் குழாயில் சோப்பு நீர் தடவினான். குமிழி வரவில்லை. பாரம் ஏறினால் வருமென்று நான் டிக்கியில் ஏறி உட்கார்ந்தேன்.

“மாமா, நக்கோ, வேணாம்! முதல்ல முட்டுக் கொடுப்போம்.”

“ராத்திரி பூரா ஒன்றரை அங்குலம்தான்டா இறங்குது. பயமா இருந்தா வளையல் போட்டுக்கோ.”

சொல்லி முடிப்பதற்குள் குழாய் கிழிந்தது. வண்டி என்னோடு சேர்ந்து ஒரேயடியாக இறங்க, டயருக்கும் அதன் மேலிருந்த மட்கார்டு தகட்டின் விளிம்புக்கும் நடுவே அவன் விரல்கள் நசுங்கின. அவன் அலறியபோது நான் முதலில் மணி பார்த்தேன். பிறகுதான் குதித்து ஜாக்கியைத் தேடினேன். மருத்துவமனையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் அடிச்சட்டத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, காற்றை முழுக்க இறக்கிய பிறகே சக்கரத்தருகே யாரையும் விடுகிறேன்.

குழாய் பழசாகிக் கிழிந்தது என்று சேகரிடம் சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் நான் அளவுக்கு மீறிக் காற்றடித்ததால் கிழிந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அந்தக் குழாயை நான் எந்த மெக்கானிக்கிடமும் காட்டவில்லை.