பதினேழாம் நம்பர்

போன வாரம் மகளின் கல்லூரிக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். வாசலில் புதிதாக ஒரு மேடை கட்டி, ராணுவம் ஓய்வு கொடுத்து அனுப்பிய டேங்க் ஒன்றை அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் பீரங்கிக் குழாய்க்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குனிந்து அதன் காலைப் பார்த்தேன். கால் என்றால் டிராக். சக்கரங்களைச் சுற்றி ஓடுமே, அந்த இரும்புப் பட்டை.

"இன்னாமா தேடுற? எதுனா விழுந்துடுச்சா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. நீ போய் ஹால் டிக்கெட் வாங்கிக்கினு வா."

அவள் நகரவில்லை. "இதெல்லாம் ஓல்டுமா. இப்போ ஒரு ட்ரோன் போதும், மேலருந்து ஒரே அடி. ரீல்ஸ்ல நீ பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். அவளைவிட அதிகமாகவே பார்த்திருக்கிறேன். எந்த நாட்டுச் சண்டையாக இருந்தாலும் சரி, சேற்றில் டிராக் கழன்று ஒரு டேங்க் நின்றால் என் விரல் அந்த வீடியோவை நிறுத்திவிடும். கழன்ற இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அது நம்முடைய டேங்க் இல்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பார்த்து, அடுப்பில் குழம்பைத் தீய்த்த நாள்களும் உண்டு. காரணத்தைச் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் போனதும் கிரீஸ் வாசனை வந்தது. அது போதாதா? கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் அந்த வாசனையில்தான் இருந்தேன். உத்திரமேரூர் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. டேங்க் டிராக்கின் துண்டுகளை ஒன்றோடொன்று கோர்க்கும் இரும்புக் கம்பிகளைச் செய்து கொடுத்தோம். நாங்கள் பின் என்போம். குத்துகிற பின் இல்லை. முழங்கையைவிட நீளம், நல்ல கனம்.

நான் நெசவுக்கார வீட்டுப் பெண். வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் ஏழுமலை பத்துப் பின்னை வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கீறல் விழுந்ததை எடுக்கச் சொன்னார். கீறல் இருந்த மூன்றையும் சரியாக எடுத்தேன். பாவு நூலில் பிசிறு தேடிப் பழகிய விரலுக்கு இது ஒரு வேலையா? "பட்டுக்காரங்க வூட்டு விரலு விரலுதான்பா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. வீட்டில் அம்மா, "பட்டைத் தொட்ட கையால கிரீஸைத் தொட்டுக்கினு வந்து நிக்குது" என்று சோப்பை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

கீறல் பார்ப்பது பாதி வேலை. அளவு பார்ப்பது மீதி. அதற்கு இரண்டு இரும்பு வளையம் இருக்கும். ஒன்றில் பின் நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. இரண்டும் சரியென்றால் பின்னின் தலையில் நம் எண் உள்ள முத்திரையை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். என் எண் பதினேழு. அந்த முத்திரையைச் சாயங்காலம் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

ஏழுமலை மாகறல்காரர், விவசாயக் குடும்பம். எதற்கும் பதறுவார். "பின்னு ஒரு மயிரளவு மெலிஞ்சா டிராக் ஆடும்மா. ஆடினா ஒரு நாள் கழண்டுக்கும். கழண்டா அது டேங்க் இல்ல, இரும்புப் பொட்டி. உள்ள மூணு பேர் உக்காந்துக்கினு இருப்பான்" என்பார். அந்த மூன்று பேரை அப்போது நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இப்போது நினைக்காத நாளில்லை.

டேங்க்கை எங்கோ ஒரே தொழிற்சாலை செய்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ரப்பர் ஒரு பட்டறையில், போல்ட் ஒரு பட்டறையில், பின் எங்களிடம் என்று ஊர் ஊராகத் தகரக் கூரைகள் சேர்ந்துதான் ஒரு டேங்க் நகர்கிறது என்பது பிறகு புரிந்தது. எல்லையில் சண்டை வரும் என்று டி.வி.யில் பேசத் தொடங்கிய கோடையில் எங்கள் ஆர்டர் மூன்று மடங்காயிற்று. கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் நின்றால் ஏழுமலையின் கத்தல். "அங்க ஒரு டிராக் போச்சுன்னா மறுநாளே இன்னொண்ணு போய் நிக்கணும். எவன் அப்புடி கொண்டாந்து நிறுத்துறானோ அவன் ஜெயிச்சான். சண்டையில பாதி நம்மளுதும்மா" என்பார். நான் ஏதோ படையை நடத்திவிட்டு வருகிறவள் மாதிரி டவுன் பஸ்ஸில் சீட்டுக்காக அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

வைகாசியில் கருட சேவை வந்தது. நாங்கள் சிவன் கோயில் பக்கத்து ஆள்கள். ஆனால் அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் யாரும் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. விடியற்காலை பெருமாள் புறப்பட்டால் சாலையெல்லாம் அடைத்துவிடுவார்கள். அதனால் லாரி முந்தின நாள் சாயங்காலமே கிளம்ப வேண்டும். அதே சாயங்காலம்தான், சேவைக்கு வந்த சாக்கில், மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. கையில் வாசனை போகத் தேய்த்துக் குளிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்கு ஒரு தட்டு மிச்சம். நாற்பது பின். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

நாற்பதையும் விரலால் தடவினேன். கீறல் இல்லை, பிசிறு இல்லை, வழவழவென்று இருந்தன. விரலுக்கு அளவு தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வளையங்களைத் தொடாமலே நாற்பது முறை பதினேழை அடித்தேன்.

மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்துவிட்டது. அன்று வந்தவர்தான் இப்போதும் என் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு காபிக்குக் குரல் கொடுப்பவர்.

சேவை முடிந்து வேலைக்குப் போனேன். முதல் தட்டிலேயே நான்கு பின், நுழையக் கூடாத வளையத்தில் தாராளமாக நுழைந்தன. கிரைண்டிங் மெஷின் அளவு தவறி அதிகமாகத் தேய்த்துவிட்டிருந்தது. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அளக்காமல் அனுப்பிய நாற்பதும் அதே மெஷினில் தேய்ந்தவை. ஏழுமலையிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "டிராக் கோக்குற எடத்துல இன்னொரு தரம் அளப்பாங்க, வுடும்மா" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பட்டறைக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது ஏழுமலை வாசல் வரைக்கும் கூடவே வந்தார். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேம்மா. நம்ம நம்பரு இருந்தா அவுங்க அளக்கமாட்டாங்க. அந்த நம்பிக்கையிலதான் நமக்கு ஆர்டரே வருது."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே?"

"பண்ணியிருந்தா இத்த மூடியிருப்பாங்க. உள்ள எத்தினி பேர் இருக்குது, பாரு." சிறிது நேரம் பத்திரிகையைத் திருப்பிக்கொண்டிருந்தார். "இப்பவும் பண்ணலாம். நீ சொன்னா பண்றேன்."

நான் சொல்லவில்லை. பத்து நாளில் கல்யாணம். பெயர் வெளியே வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். ஏழுமலை பயந்தவர் என்று எல்லோரும் கேலி செய்வோம். என்னைவிட அவர் எவ்வளவோ தேவலை. அந்தக் கோடையில் சண்டை வரவில்லை. ஆனால் பின்கள் டிராக்குகளுக்குள் போய்விட்டன. சண்டையில்லாத நாளிலும் டேங்க் ஓடுமே, உள்ளே ஆள் இருப்பார்களே.

மகள் ஹால் டிக்கெட் வாங்கப் போனதும், வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். டிராக் ஓரத்தில் தெரிந்த பின்களின் தலையில் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது. சுரண்டினேன். முதலில் வந்த எண் நான்கு. அப்புறம் இருபத்திரண்டு. வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"யம்மா, இன்னா பண்ணிக்கினு இருக்குற? பெயிண்ட்ட சொரண்டாத."

"நான் போட்ட நம்பர் இருக்குதான்னு பாக்குறேன்பா."

"டேங்க்குக்கு நீ நம்பர் போட்டியா?" அவர் என் புடவையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, ஏதோ பாவம் என்று விட்டுவிட்டார்.

ஒன்பதாவதோ பத்தாவதோ, பதினேழு வந்தது. ஒன்று கொஞ்சம் சாய்ந்து, ஏழு நேராக. என் முத்திரைதான். ஒழுங்காக அளந்த ஆயிரக்கணக்கான பின்களிலும் இதே பதினேழைத்தான் அடித்தேன், அந்த நாற்பதிலும் இதையேதான் அடித்தேன். இது எது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

பட்டறை இருந்த இடம் இப்போது ஒரு பட்டு ஜவுளிக்கடையின் கார் நிறுத்தம். ஏழுமலை போன வருடம் போய்விட்டார். இரண்டு வளையங்களும் மற்ற இரும்போடு எடைக்குப் போய், உருகி, வேறு எதுவாகவோ ஆகியிருக்கும். மிச்சம் இருப்பது விரல்தான். பெயிண்ட் போன இடத்துக்கு ஓரமாக, வெளியே தெரிந்த கம்பியைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறது என்றது விரல். அன்றைக்கும் அது அதையேதான் சொன்னது.